எந்த ஊருங்க

வெள்ளகோவிலில் பெட்ரோல் போடும் பையன் கேட்டான்.
கன்னிவாடிச் சந்தையில்
எடைக்கல்லைத் தட்டில் வைத்தபடி தக்காளிக்காரம்மா கேட்டாள்.
ராத்திரி ரோந்து வந்த ஏட்டு
டார்ச்சை என் முகத்தைவிட்டு எடுக்காமலே கேட்டார்,
எந்த ஊருங்க?

ஆதாரில் பெருந்துறை.
அது நாத்தனார் வீட்டு விலாசம்.
பேங்குக் கடிதமெல்லாம் அங்கே ஒழுங்காக வந்துவிடுகிறது,
நாங்கள்தான் போவதில்லை.

பல்லடத்து வீட்டில் இப்போது
ஒடிசாப் பையன்கள் ஒன்பது பேர்.
வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.
அவர்களைக் கேட்டால்
பல்லடமுங்க என்கிறார்கள், தடுமாறாமல்.

ஆர்சி புத்தகப்படி வண்டியின் நிறம் வெள்ளை.
கரூர் பட்டறையில்
ஆம்னியின் பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்தவர்
பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறவர்.
"இது தீப்பெட்டிங்க" என்று சிரித்தார்.
அளந்து பார்த்து
அஞ்சடி எட்டங்குலம், அதுக்குமேல வழியில்ல என்றார்.
நாச்சிமுத்து அஞ்சடி பத்து.
மிச்ச இரண்டங்குலத்தை
மூன்று வருஷமாக முழங்காலில் மடித்துவைத்துத் தூங்குகிறார்.

பலகைக்கடியில் அரிசி, கம்பு, ஜாக்கி,
நைலான் கயிறு, அவருடைய சர்க்கரை மாத்திரை,
என் புடவை நான்கு.
ஐந்தாவது ஏறினால் ஒன்று இறங்க வேண்டும்.
சென்னிமலையில் ஆசைப்பட்டு ஒரு போர்வை எடுத்தேன்.
போர்வையா தோசைக்கல்லா என்று
சிவன்மலை வரைக்கும் பேச்சு.
தோசைக்கல்லை
காங்கயம் முக்கில் இளநீர் வெட்டுகிறவளிடம் கொடுத்தேன்.
இரண்டு நாள் அந்தக் கல்லின் ஞாபகமாகவே இருந்தது.

குளிக்கத் தோட்டத்து மோட்டார்.
தண்ணி இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை,
ஆனால் சும்மாவும் விட்டதில்லை.
தலை துவட்டி முடிப்பதற்குள்
எந்தக் கூட்டம், எத்தனை குழந்தைகள்,
ஏன் இல்லை, எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள்.
எல்லாம் கேட்டுவிட்டு
ஒரு கட்டு முருங்கைக்காயைக் கையில் திணிக்கிறார்கள்.
வைக்க இடமில்லையே என்று
எப்படிச் சொல்வது.

ஆடியில் கணவாய்க் காற்று.
மூலனூர் தாண்டிச் சாலையோரம் நிறுத்தியிருந்தோம்.
நாலாபக்கமும் காற்றாலைகள்
சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன.
வண்டி தொட்டில்போல ஆடியது என்று சொல்ல மாட்டேன்,
மாடு உரசுகிற கம்பம்போல ஆடியது.

அன்றைக்குத்தான்
கவுந்தப்பாடியில் வாங்கிய வெல்லத்தில்
ஓர் அச்சு குறைந்தது.

ஆறடி வீட்டில் திருட்டுக்கு இடமேது.
நான் எண்ணிவைத்திருந்தேன்.
அவர் எறும்பு என்றார்.
எறும்பு காகிதத்தை மடித்துத் திரும்பவும் வைக்குமா என்றேன்.
அப்புறம் வெல்லத்தைத் தாண்டிப் போனது பேச்சு,
எட்டுத் தறியை எடைக்குப் போட்ட நாள் வரைக்கும்,
அதற்கும் முன்னால் வரைக்கும்.

வீடாக இருந்தால்
நான் அடுப்படிக்குப் போயிருப்பேன், பாத்திரம் பேசியிருக்கும்.
அவர் ஷெட்டுக்குப் போயிருப்பார்.
இங்கே அடுப்படியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்,
என் கால்மாட்டில்.

இறங்கிவிட்டார்.
ஓங்கிச் சாத்தவும் தோதில்லாத கதவு,
இரண்டு கையாலும் இழுத்தால்தான் நகரும்.
கோபத்தோடு அதை மெதுவாக இழுத்து மூடியதைப் பார்க்கச்
சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

மிச்சச் சோற்றோடு குக்கரைக்
கதவோரம் தள்ளிவைத்தேன்.
முழுப் பலகையில் முதல்முறையாகக்
கை காலை அகட்டிப் படுத்தேன்.
அவ்வளவு இடம் எதற்கென்று தெரியவில்லை.

காற்றுக்குள் அவருடைய செருப்புச் சத்தம்
வண்டியை ஒரு சுற்று சுற்றியது.
டயரை உதைத்துப் பார்த்தது.
கொஞ்ச நேரம் எங்கேயோ காணாமல் போனது.
பிறகு இருமல்.
பிறகு தகரத்தில் இரண்டு தட்டு.

யாருங்க அது?

"ஒறம்பரைங்க."

எந்த ஊருங்க?

சத்தமில்லை.
செல்போன் வெளிச்சம் கண்ணாடியைக் கடந்து
மைல்கல் பக்கம் போய்
அங்கேயே நின்றது.

"மூலனூர் ஏழு கிலோமீட்டருங்க" என்றார்,
எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி.

கொஞ்சம் பொறுங்க,
குக்கரை நகர்த்தினாத்தான் கதவு தொறக்கும்.